60 மிமீ லென்ஸ் நிலவில் எவ்வளவு பார்த்தது?

என்னோடு வார இறுதிகளில் படமெடுக்க வரும் தம்பி ஒருவன் போன மாதம் கேட்ட கேள்வியிலிருந்து இதெல்லாம் ஆரம்பித்தது. அப்போலோ 11 பயணத்தில் ஆம்ஸ்ட்ராங் எடுத்த, விண்வெளி வீரர் ஆல்ட்ரின் நிலவில் நிற்கும் அந்தப் பிரபலமான படத்தை என் வீட்டுச் சுவரில் பார்த்துவிட்டு, எந்த லென்ஸ் என்று கேட்டான். 60 மிமீ என்றேன். "என்கிட்ட இருக்கிற மேக்ரோ லென்ஸும் 60தானே அண்ணா, அதுல ஆளைக் கொஞ்சம் தள்ளி நிக்கவெச்சாத்தான் முழுசா விழுவார். நிலவுக்குப் போய் இவ்வளவு இறுக்கமான லென்ஸையா மாட்டினாங்க?"

கேள்வி சரியான கேள்வி. அவன் கேமராவில் இருப்பது 24×36 மிமீ சென்சார், அதாவது பழைய 35 மிமீ ஃபிலிம் ஃபிரேமின் அளவு. அதில் 60 என்பது லேசான டெலிதான் (தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் வகை), முகங்களை எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் நிலவில் அதே 60 அகலமாகப் பார்க்கிற லென்ஸ். லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மில்லிமீட்டரை வைத்து மட்டும் பார்வைக் கோணத்தைச் சொல்லிவிட முடியாது, பின்னால் இருக்கும் ஃபிலிமின் அளவு தெரிந்தாக வேண்டும் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன், அவனும் தலையாட்டியிருக்கிறான், ஆனால் தலையாட்டுவது வேறு, புரிவது வேறு. இந்தமுறை அப்போலோ 11 படத்தையே எடுத்து உட்கார்ந்து அளந்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். காரணம், ஃபோட்டோகிராஃபி வரலாற்றிலேயே தன் கோணத்தைத் தானே காட்டிக்கொடுக்கும் படங்கள் என்றால் அவைதான்.

கேமராவும் சிலுவைக் குறிகளும்

நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது நம் ஊர்க் கணக்கில் 1969 ஜூலை 21, காலை எட்டரை மணி. அன்று தரையில் பயன்பட்ட ஸ்டில் கேமரா ஹாசல்பிளாட் 500இஎல் மாடலை நாசாவுக்காக மாற்றியமைத்த ஒன்று, டேட்டா கேமரா என்று பெயர். வெயிலைத் திருப்பியடிக்க வெள்ளி நிறப் பூச்சு. லென்ஸ், ஸைஸ் பயோகான் 60 மிமீ, எஃப் 5.6 (எஃப் எண் என்பது ஒளி நுழையும் துளையின், அதாவது அபெர்ச்சரின் அளவு; எண் கூடினால் துளை சின்னது). ஃபிலிம் 70 மிமீ அகலம், இரண்டு ஓரமும் துளை போட்டது, மெல்லிசான அடித்தளம் என்பதால் ஒரே மேகசினில் (ஃபிலிம் பெட்டியில்) 160 கலர் படங்கள் வரை எடுக்கலாம். அந்த 70 மிமீ அகலத்தில் துளைகளுக்கு நடுவே படம் விழும் சதுரம் சுமார் 53×53 மிமீ.

இங்கேதான் அந்தக் கண்ணாடித் தட்டு வருகிறது. ஃபிலிமுக்கு முன்னால், அதைக் கிட்டத்தட்ட ஒட்டியே, ஒரு கண்ணாடித் தட்டை வைத்தார்கள். அதில் ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து என்று 25 சின்னச் சிலுவைக் குறிகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சரியாக 10 மிமீ இடைவெளி. நடுவில் இருப்பது மட்டும் கொஞ்சம் பெரியது. எந்தப் படம் எடுத்தாலும் இந்தக் குறிகளும் சேர்ந்தே பதிவாகும். பின்னால் ஃபிலிம் சுருங்கினாலும் நெளிந்தாலும், பிரிண்ட் எந்த அளவில் போட்டாலும், படத்துக்குள்ளேயே ஒரு ஸ்கேல் உட்கார்ந்திருக்கும்.

என்னிடம் இருக்கும் பிரிண்ட், வெட்டாத முழு ஃபிரேம், 19 செமீ சதுரம். தம்பியிடம் ஸ்கேலைக் கொடுத்து, இடது ஓரச் சிலுவையிலிருந்து வலது ஓரச் சிலுவை வரை அளக்கச் சொன்னேன். 14.3 செமீ வந்தது. ஃபிலிமில் அது நான்கு இடைவெளி, 40 மிமீ. 14.3 செமீ என்பது 40 மிமீ என்றால் 19 செமீ எவ்வளவு? 53 மிமீ. எந்தப் புத்தகத்தையும் திறக்காமல் ஃபிலிமின் ஃபிரேம் அளவு கைக்கு வந்துவிட்டது. அவன் முகம் மாறியதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மொட்டை மாடியில் இரண்டு அட்டைகள்

கணக்கு இப்படித்தான்: ஃபிரேமின் பாதி அகலத்தைக் குவியத் தூரத்தால் (லென்ஸின் மேல் எழுதியிருக்கும் அந்த 60 மிமீதான்) வகுத்து, எந்தக் கோணத்துக்கு அந்த டேன்ஜென்ட் வரும் என்று பார்த்து இரண்டால் பெருக்கினால் பார்வைக் கோணம். 26.5-ஐ 60-ஆல் வகுத்தால் 0.44, கோணம் 23.8 பாகை, இரண்டு மடங்கு 47.7. சரி, பத்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் 47.7 பாகை என்றால் கண்ணுக்கு என்ன என்பது கணக்கில் தெரியாது.

அதனால் எல்லாவற்றையும் பத்து மடங்கு பெரிதாக்கினோம். பக்கத்து வீட்டில் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி கிடைத்தது. ஓர் அட்டையில் 53×53 செமீ சதுர ஓட்டை. இன்னொன்றில் 36×24 செமீ, அவனுடைய கேமராவின் சென்சார். இரண்டிலும் 60 செமீ நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைக் கண்ணோரம் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது. கண் இருக்கும் இடம்தான் லென்ஸ், ஓட்டைதான் ஃபிலிம், நூல்தான் குவியத் தூரம். (உண்மையில் ஃபிலிம் லென்ஸுக்குப் பின்னால் இருக்கிறது, படம் தலைகீழாக விழுகிறது. கோணத்துக்கு இரண்டும் ஒன்றே.)

சின்ன ஓட்டை வழியாக எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அதன் இரண்டு பக்கமும் கொஞ்சம் வானமும் தெரிந்தது. அவ்வளவுதான். நூலின் நீளம் மாறாமல் பெரிய சதுரத்தைப் பிடித்ததும் தொட்டி, அதற்குப் பக்கத்துத் தென்னை, கீழே மாடிச் சுவர், மேலே மின்கம்பி வரை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. தொட்டி அதே அளவில்தான் இருக்கிறது, கவனியுங்கள். 60 மிமீ லென்ஸ் எந்தக் கேமராவில் இருந்தாலும் தூரத்தில் இருக்கும் பொருளை ஃபிலிம் மேல் அதே மில்லிமீட்டர் அளவில்தான் போடும். பெரிய ஃபிலிம் பெரிதாக்கிக் காட்டுவதில்லை, சுற்றியிருப்பதையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது.

இலக்கத்தில் சொன்னால், அவன் சென்சாரில் 60 மிமீ அகலவாக்கில் 33 பாகை பார்க்கிறது. நிலவின் சதுரத்தில் 48. மூலைவிட்டத்தில் அளந்தால் அவனுடையது 40, நிலவினுடையது 64. ஒரே 60தான்.

சமம் என்று சொல்வது எங்கே இடறுகிறது

அடுத்து அவன் கேட்டது எல்லோரும் கேட்பது. "அப்போ அது 35 மிமீ கணக்குல எத்தனை அண்ணா?"

வழக்கமான பதில், மூலைவிட்டங்களை ஒப்பிட்டுச் சொல்வது. 24×36 ஃபிரேமின் மூலைவிட்டம் 43 மிமீ, நிலவுச் சதுரத்தின் மூலைவிட்டம் 75. 60-ஐ 43-ஆல் பெருக்கி 75-ஆல் வகுத்தால் 34.4. ஆக 35 மிமீ லென்ஸுக்குச் சமம். இப்படித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் பாதிதான் சரி, அந்த மிச்சப் பாதியில்தான் இந்த நிகழ்வின் உயிரே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சின்ன அட்டையின் நூலை 35 செமீக்குக் குறைத்து மறுபடி பார்க்கச் சொன்னேன். பார்த்தவன் உடனே சொன்னான்: "பக்கவாட்டுல அதைவிட ஜாஸ்தி தெரியுது, ஆனா மேலயும் கீழயும் போயிடுச்சே." அதேதான். 35 மிமீ லென்ஸ் செவ்வக ஃபிரேமில் அகலவாக்கில் 54 பாகை, உயரவாக்கில் 38. நிலவின் 60 சதுரத்தில் இரண்டு பக்கமும் 48. மூலையிலிருந்து மூலைக்கு இரண்டும் ஒன்றுபோல வருகின்றன, ஆனால் நாம் பார்க்கும் உலகம் மூலைவிட்டத்தில் நிற்பதில்லை. மனுஷன் நேராக நிற்கிறான், தொடுவானம் படுத்திருக்கிறது. அகலத்தை வைத்துச் சமம் பார்த்தால் இந்த 60, 41 மிமீக்குச் சமம். உயரத்தை வைத்துப் பார்த்தால் 27-க்கு. 27, 35, 41, எதைச் சொல்வது? சதுரத்தைச் செவ்வகத்தோடு ஒப்பிடும்போது ஒற்றை எண்ணாகப் பதில் கிடையாது. கோணத்தை இரண்டு திசையிலும் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

இது வெறும் கணக்கு விளையாட்டில்லை. 3 மீட்டர் தூரத்தில் ஓர் ஆள் நிற்கிறார் என்று வையுங்கள். நிலவுக் கேமரா அந்தத் தூரத்தில் 2.65 மீட்டர் உயரத்தை உள்ளே கொண்டுவரும். 35 மிமீ லென்ஸ் போட்ட செவ்வகக் கேமரா, படுத்த நிலையில், 2.06 மீட்டர்தான். விண்வெளி உடையும் முதுகுப்பையும் சேர்ந்த ஆளுக்கு 2.06 என்பது மிகவும் நெருக்கடி, கொஞ்சம் சாய்ந்தாலும் தலையோ காலோ போய்விடும். நாம் என்றால் கேமராவைத் திருப்பி நிமிர்த்திப் பிடிப்போம். நிலவில் அது சுலபமில்லை, ஏனென்றால் கேமரா நெஞ்சில் இருந்த கொக்கி அமைப்பில் மாட்டியிருந்தது. ஹெல்மெட்டோடு வியூஃபைண்டரில் கண் வைக்கவும் வழியில்லை. உடம்பைத் திருப்பி, குத்துமதிப்பாகக் குறிபார்த்துத்தான் அழுத்த வேண்டும். இந்த நிலையில் சதுரம் எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். நிமிர்த்தவா படுக்கவைக்கவா என்ற கேள்வியே எழாது. இரண்டு திசையிலும் 48 பாகை இருக்கிறது, குறி ஐந்தாறு பாகை தப்பினாலும் ஆள் உள்ளேயே இருப்பார்.

அப்படியும் தப்பியிருக்கிறது! சுவரில் இருக்கும் அந்தப் படம், 40ஆம் மேகசினின் 5903ஆம் ஃபிரேம். அதன் முழு ஃபிரேமை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. பத்திரிகைகளில் வந்ததில் ஆல்ட்ரினின் தலைக்கு மேல் நிறையக் கருப்பு வானம் இருக்கும். அசலில் அந்த வானம் இல்லை. தொடுவானம் சாய்ந்திருக்கிறது, தலை ஃபிரேமின் மேல் விளிம்பை இடிக்கிறது, முதுகுப்பையின் உச்சி வெட்டுப்பட்டிருக்கிறது. வெளியிடும்போது படத்தை நேராக்கி, மேலே கருப்பைச் சேர்த்துக் கொடுத்தார்கள். நடுச் சிலுவை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும்: ஆல்ட்ரினின் கால் பக்கம். அதாவது ஆம்ஸ்ட்ராங்கின் நெஞ்சு, நாம் குறிபார்க்கும் இடத்தைவிடக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. நடுச் சிலுவை நடுவில் இல்லாமல் காலில் இருக்கிறதே, படம் பொய் என்று சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். வெட்டி ஒட்டிய பிரதியை விட்டுவிட்டு முழு ஃபிரேமைப் பார்த்தால் அது சரியாக நடுவில்தான் இருக்கிறது. செவ்வகக் கேமராவில் 38 பாகை உயரத்தோடு இதே அளவு குறி தப்பியிருந்தால் ஆல்ட்ரினின் முகக்கவசமே வெட்டுப்பட்டிருக்கும் என்பது என் கணிப்பு. ஆம்ஸ்ட்ராங் தெரிவது அந்தக் கவசத்தின் பிரதிபலிப்பில்தான்.

அதே இடத்தில் ஒரு 10 மிமீ

60-ஐ இறுக்கம் என்று நினைத்தவனுக்கு இன்னொன்றைக் காட்டினேன். அன்றைக்கே, அவர்கள் நிலவில் இறங்கிய கலமான சந்திர வண்டியின் வலப்பக்க ஜன்னலில் மாரர் கம்பெனியின் சின்ன சினிமா கேமரா ஒன்று மாட்டியிருந்தது. இறங்கும்போது தரை நெருங்கி வருவதும் தூசி பறப்பதும் பதிவானது அதில்தான். ஃபிலிம் 16 மிமீ. லென்ஸ் 10 மிமீ.

10 மிமீ என்றதும் இன்றைய ஆட்கள் மீன்கண் மாதிரி ஏதோ நினைப்பார்கள். 16 மிமீ சினிமா ஃபிரேமின் அகலம் வெறும் 10.26 மிமீ, உயரம் 7.5. அதில் 10 மிமீ லென்ஸின் அகலவாக்குக் கோணம் 54 பாகை. நிலவில் ஒரு கேமரா 10, இன்னொன்று 60, ஆறு மடங்கு வித்தியாசம், ஆனால் பார்த்த அகலமோ 54-உம் 48-உம். அட்டையில் 10×7.5 செமீ ஓட்டை போட்டுக் கண்ணிலிருந்து 10 செமீ தூரத்தில் பிடித்துப் பாருங்கள், விளிம்பு மங்கலாகத் தெரிந்தாலும் எதிர் வீடு முழுக்க உள்ளே இருக்கும்.

அவன் கைபேசியிலும் இதே கதைதான். அதன் முக்கிய லென்ஸை 24 அல்லது 26 மிமீ என்று போடுகிறார்கள். அது உண்மையான குவியத் தூரம் இல்லை, 24×36 கணக்குக்கு மாற்றிச் சொல்வது. உள்ளே இருக்கும் லென்ஸ் சில மில்லிமீட்டர்தான்.

அப்படியானால் பெரிய ஃபிலிம் எதற்கு?

ஒரே கோணம்தான் வேண்டுமென்றால் 35 மிமீ கேமராவில் 35 லென்ஸ் போட்டுக்கொண்டு போயிருக்கலாமே, எடையும் மிச்சம். ஆரம்பத்தில் அப்படித்தான் போனார்கள். 1962 பிப்ரவரியில் ஜான் கிளென் பூமியை மூன்று சுற்று சுற்றியபோது கொண்டுபோனது சாதாரணக் கடையில் வாங்கிய ஆன்ஸ்கோ 35 மிமீ கேமரா. அதே வருஷம் அக்டோபரில் வால்டர் ஷிரா ஹாசல்பிளாட் 500சி ஒன்றை ஹூஸ்டனில் வாங்கி எடுத்துக்கொண்டு போனார், அதிலிருந்துதான் பெரிய ஃபிரேம் விண்வெளிக்குள் வந்தது.

வித்தியாசம் பிரிண்டில் தெரியும். 40 செமீ சதுரப் பிரிண்ட் போட வேண்டும் என்றால் 53 மிமீ ஃபிரேமை ஏழரை மடங்கு பெரிதாக்கினால் போதும். 24×36-இல் சதுரமாக வெட்டினால் கிடைப்பது 24 மிமீ, அதை 17 மடங்கு இழுக்க வேண்டும். கிரெயினும் (ஃபிலிமின் துகள்களும்) அதே அளவுக்கு ஊதிப்போகும். ஒரே கோணத்துக்குள் வரும் அதே பாறையை 60 மிமீ லென்ஸ் ஃபிலிமில் பெரிதாக வரைகிறது, 35 சின்னதாக வரைகிறது. அளந்து வரைபடம் போட வேண்டிய வேலைக்கு அது பெரிய விஷயம்.

அதற்குக் கொடுக்கும் விலை கூர்மையின் ஆழம், அதாவது கிட்டே எங்கிருந்து தூரத்தில் எதுவரை கூராக வரும் என்பது. எஃப் 11 வைத்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஏற்ற மங்கல் வட்டத்தை (ஃபிலிமில் எவ்வளவு மங்கல் வரை கூர்மை என்றே ஏற்கலாம் என்ற அளவை) எடுத்துக் கணக்குப் போட்டால், 35 மிமீ லென்ஸ் 3.7 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் போதும், அதில் பாதித் தூரத்திலிருந்து முடிவிலி வரை கூராக வரும். நிலவின் 60-க்கு அதே வேலைக்கு 6.2 மீட்டரில் வைக்க வேண்டும், கூர்மை 3.1 மீட்டரிலிருந்துதான் தொடங்கும். கோணம் ஒன்று, அபெர்ச்சர் ஒன்று, ஆனாலும் பெரிய ஃபிலிம் முன்பக்கத்தில் ஒன்றேகால் மீட்டரைச் சாப்பிட்டுவிடுகிறது. நிலவில் வெயில் சுள்ளென்று அடித்தது, 250-இல் ஒரு பங்கு வினாடி ஷட்டரில் எஃப் 11 வரை மூட முடிந்தது, அதனால் சமாளித்தார்கள். மேகமூட்டமான இடமாக இருந்திருந்தால் இந்தத் தேர்வு இவ்வளவு சுலபமாக அமைந்திருக்காது.

சிலுவைகளுக்கு இடையே எத்தனை பாகை

இது நான் ரொம்ப நாள் தப்பாக வைத்திருந்த ஒன்று, அதனால் சொல்லிவிடுகிறேன். நடுச் சிலுவையிலிருந்து அடுத்த சிலுவைக்கு 10 மிமீ, கோணம் 9.5 பாகை. அதற்கடுத்த 10 மிமீக்கும் 9.5 என்றுதான் கூட்டிக்கொண்டிருந்தேன். இல்லை, 9 பாகைதான். ஓரத்தில் மிச்சமிருக்கும் 6.5 மிமீ 5.4 பாகை. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் லென்ஸில் ஓரம் போகப்போக ஒரு பாகைக்கு அதிக ஃபிலிம் செலவாகிறது. அகல லென்ஸில் ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபட்டுத் தெரிவது இதனால்தான். கல்யாண வீட்டில் குரூப் ஃபோட்டோ எடுத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பயோகான் இந்த விஷயத்தில் மிகச் சுத்தமான லென்ஸ், கோடுகளை வளைப்பதில்லை, அளவெடுக்கும் வேலைக்கு அது பொருந்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சின்ன விஷயம். 60 என்பது முடிவிலியில் ஃபோகஸ் வைக்கும்போது மட்டும். 3 மீட்டரில் வைத்தால் லென்ஸ் முன்னே நகர்ந்து ஃபிலிமிலிருந்து 61.2 மிமீ தள்ளிப்போகிறது, கோணம் 47.7-இலிருந்து 46.8-ஆகக் குறைகிறது. ஒரு பாகை, கண்ணுக்குத் தெரியாது.

தூரத்தையும் அளக்கலாம். 2 மீட்டர் உயரம் என்று தெரிந்த ஒன்று ஃபிலிமில் 30 மிமீ வந்தால் அது 4 மீட்டர் தூரத்தில் இருந்தது. 60-ஐ 2-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால் போதும். ஃபிலிமில் எத்தனை மிமீ என்பதைச் சிலுவைகள் சொல்லிவிடும்.

பூமி எத்தனை மில்லிமீட்டர்

கடைசியாக அவனையே ஒரு கணக்குப் போடச் சொன்னேன். நிலவிலிருந்து பார்த்தால் பூமி சுமார் 1.9 பாகை அகலம், நாம் இங்கிருந்து பார்க்கும் நிலாவைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. 1968 டிசம்பர் 24-இல் அப்போலோ 8-இலிருந்து பில் ஆண்டர்ஸ் எடுத்த பூமி உதயப் படம் 250 மிமீ லென்ஸில் எடுத்தது, சதுரம் அதே அளவுதான். 250-ஐ 1.9 பாகையின் டேன்ஜென்ட்டால் பெருக்கினான். 8 மிமீ சொச்சம். 53-இல் 8, ஃபிரேமின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு. அந்த 250-இன் கோணம் அகலவாக்கில் வெறும் 12 பாகை, அதனால்தான் பூமி அவ்வளவு கிட்டே வந்து நிற்பதுபோலத் தோன்றுகிறது.

"அப்போ தரையில இருந்த 60-ல?" என்று அவனே கேட்டு அவனே போட்டான். 2 மிமீ.

அப்போலோ 11 படங்களில் ஒன்றில், சந்திர வண்டியின் உச்சிக்கு மேலே கருப்பு வானத்தில் ஒரு நீலப் புள்ளி தெரியும். அதையும் 19 செமீ சதுரத்தில் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன், அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஃபிலிமில் 2 மிமீ என்றால் இந்தப் பிரிண்டில் ஏழு மிமீ இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஸ்கேலை அதன் மேல் வைத்தான். பாதி ஒளிர்ந்த பூமி, நீளவாக்கில் ஏழு.